குளித்த தண்ணீருக்கு ஒரு கல்வாழைப் படுகை: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் தனித்தனிக் கணக்கு

ஐந்து பேர் இருக்கும் வீட்டில் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ என்று ஆளுக்கு 80 லிட்டர் வைத்தால் ஒரு நாளைக்கு 400 லிட்டர் தண்ணீர் சலதாரை வழியே வெளியே போகிறது. சேலத்தில் அது தெருச் சாக்கடையில் விழுந்து திருமணிமுத்தாற்றுப் பக்கம் நடக்கும். அதே வீட்டுப் புறக்கடையில் தென்னை மட்டை தொங்கி நிற்கும். கழிவறைத் தண்ணீர் சேராத இந்த 400 லிட்டரை, கல்வாழை நட்ட 60 சதுர அடி ஜல்லிப் படுகை ஒன்றுக்குள் மெதுவாக நடக்க விட்டால், தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாகப் பாய்ச்சலாம். மோட்டாரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வேண்டியது மட்டம் பார்க்கத் தெரிந்த ஒரு மேஸ்திரியும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுப்பு வழிக்க மனமுள்ள ஒரு ஆளும்.

இந்தப் படுகையைப் பார்க்க வருகிறவர்கள் கல்வாழைப் பூவைத்தான் பார்ப்பார்கள். வேலை நடப்பது அங்கே இல்லை. ஜல்லிக் கல் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து விரலால் தடவினால் பாசி போல வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அழுக்கைத் தின்பது அந்தப் படலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள். செடியின் வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுகிறது, கல்லுக்கு இடையே வழி திறந்து வைக்கிறது, தழைச்சத்தில் ஒரு சிறு பங்கை உறிஞ்சுகிறது. ஆகவே படுகை கெட்டது என்றால் செடி செத்தது என்று பொருளல்ல, கல்லிடுக்கு அடைத்துக்கொண்டது என்று பொருள். அடைப்பதும் அடைக்காததும் படுகைக்கு முன்னால் இருக்கும் தொட்டியில்தான் முடிவாகிறது. காசில் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் செடியில் பிடிக்கட்டும், தொட்டியில் பிடிக்க வேண்டாம்.

எதை உள்ளே விடலாம்

குளியலறை, வாஷிங் மெஷின், கை கழுவும் தொட்டி, சமையலறைத் தொட்டி ஆகிய நான்கும் வரலாம். கழிவறைக் குழாய் கண்டிப்பாகத் தனி. அதையும் சேர்த்தாக வேண்டும் என்றால் ஒழுங்கான செப்டிக் டேங்க் முன்னால் இருக்க வேண்டும்; படுகையும் ஆளுக்கு 12 சதுர அடிக்குப் பதில் 20 முதல் 25 சதுர அடி வேண்டும். அது வேறு கணக்கு. இங்கே சொல்வது குளியல், சமையல் தண்ணீருக்கு மட்டும்.

சேலத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஆர்ஓ மெஷின் தள்ளிவிடும் தண்ணீர். பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று அந்தக் குழாயையும் இதில் சொருகிவிடுவார்கள். அதில் இருப்பது அழுக்கு இல்லை, உப்பு. படுகை உப்பைத் தொடாது. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போவதால் வெளியேறும் தண்ணீரில் உப்பு உள்ளே வந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கல்லுப்புக் கரைசல் ஊற்றி அலசும் தண்ணீரும் இதே ரகம். அதைத் தனியாக வெளியே விடுங்கள்.

சாயப்பட்டறைத் தண்ணீருக்கும் இது தோதுப்படாது, காரணம் அதே உப்பு. கொலுசுப் பட்டறையில் மெருகு போட்ட ஆசிட் தண்ணீரை ஒரு சொம்பு விட்டாலும் கல்லில் ஒட்டிய படலம் செத்துவிடும், அதிலுள்ள உலோகம் ஜல்லியில் தங்கிவிடும். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் இரண்டு குழாயையும் ஆரம்பத்திலேயே பிரித்துவிட வேண்டும். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் புளித்தது, மாவுச்சத்து நிறைந்தது. காற்றில்லாத தொட்டியில் நொதிக்க வைத்துச் சாண எரிவாயு போல வாயு எடுத்த பிறகு, கடைசிக் கட்டமாக வேண்டுமானால் செடிப் படுகை வைக்கலாம். நேரே விட்டால் இரண்டே வாரத்தில் நாற்றம் தெருவைத் தூக்கும்.

வீட்டுக்குள்ளேயும் சிலதை நிறுத்த வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஃபினாயில் மூன்றும் குளியலறைத் தரைக்கு வேண்டாம். அரிசி களைந்த கழுநீரும் இட்லி மாவுப் பாத்திரம் அலசிய முதல் தண்ணீரும் மாட்டுத் தொட்டிக்கோ செடிக்கோ போகட்டும். படுகைக்கு அது தேவையில்லாத தீனி.

முன்தொட்டி

மூன்று தடுப்பு வேண்டும்: வலை, கொழுப்புத் தொட்டி, படிவுத் தொட்டி.

வலை என்பது சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் குளியலறை வெளிக்குழாயிலும் வைக்கும் சல்லடைக் கூடை. முடியும் பருக்கையும் இங்கேயே நிற்க வேண்டும். கூடைக்குப் பதில் ஒரு பழக்கூடையில் அரை அடி தென்னை நாரும் காய்ந்த இலையும் போட்டு, மண்புழு உரத்துக்கு வளர்க்கும் புழுவை ஒரு கைப்பிடி விட்டு, சமையலறைத் தண்ணீரை அதன் மேல் விழவிடுவதும் நல்ல வழி. பருக்கையையும் காய்கறித் துணுக்கையும் புழு தின்றுவிடும். நார் அமுங்கிக் கறுத்ததும் (மூன்று நான்கு மாதத்தில்) அள்ளி எருக்குழியில் போட்டுப் புதிதாக வைக்கலாம். இரண்டு நிபந்தனை: குளியல், துவையல் சோப்புத் தண்ணீர், கொதிக்கும் தண்ணீர் இரண்டும் அந்தக் கூடைக்கு வரக்கூடாது, கூடை தண்ணீரில் முழுகி நிற்கவும் கூடாது. சாதம் வடித்த கஞ்சியைச் சூட்டோடு கொட்டினால் புழு வெந்துபோகும்.

கொழுப்புத் தொட்டிக்கு மூடி போட்ட 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும், ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே வரும் குழாய்க்கு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு வாயைத் தண்ணீருக்குள் அரை அடி இறக்குங்கள். வெளியே போகும் குழாய்க்கு டீ (T வடிவ மூவழி இணைப்பு) போட்டு அதன் கீழ்க்கால் டிரம்மின் அடியிலிருந்து அரை அடி உயரத்தில் நிற்கட்டும், மேல்வாய் திறந்தே இருக்கட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் நிற்கும், நடுத் தண்ணீர் மட்டும் நகரும். ஒரே டிரம் போதாதா என்றால், எண்ணெய்ச் சட்டி கழுவிய சுடுதண்ணீரில் கொழுப்பு உருகிய நிலையில் முதல் டிரம்மைத் தாண்டிவிடும்; இரண்டாவதில் ஆறித்தான் உறையும்.

சமையலறைக்கு மட்டும் கொழுப்புத் தொட்டி வைத்தால் போதும் என்று வெளிநாட்டு வரைபடங்களில் இருக்கும். நம் ஊரில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. ஒரு ஆள் தலைக்கு வைக்கும் நல்லெண்ணெயும், அதை எடுக்கத் தேய்க்கும் சீயக்காயும் அரப்பும் சேர்ந்து பிசின் மாதிரி ஒரு கசடாகும். ஜல்லியில் போய் உட்கார்ந்தால் அதை எடுப்பது கஷ்டம். எனவே குளியலறைக் குழாயும் இந்த டிரம் வழியாகவே போகட்டும். அப்படிச் செய்தால் இரண்டாவது டிரம் 100 லிட்டராக இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம் போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து வெள்ளைத் திரியாகப் பிரியும். வாளி ஓரத்தில் வழுக்கலாக ஒட்டுவது அதுதான். மேட்டூர்த் தண்ணீரில் குளிக்கும் நாளில் இது குறைவு, போர் தண்ணீர் நாளில் சோப்பும் அதிகம் செலவாகும், திரியும் அதிகம் வரும். படுகையின் நுழைவுக் குழாயில் ஓட்டைகளை முதலில் அடைப்பது இந்த வெள்ளைத் திரிதான். படிவுத் தொட்டி இதற்காகவே வேண்டும்.

படிவுத் தொட்டிக்கு மூன்று அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை மூன்று. ஒரு உறை ஒரு அடி உயரம் என்றால் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் இரண்டு அடி நிற்கும்படி வெளிக்குழாயை வைத்தால் 400 லிட்டர், அதாவது ஒரு நாள் இருப்பு. அதற்கு மேல் பெரிதாகக் கட்ட வேண்டாம். பெரிது நல்லதுதானே என்று 2,000 லிட்டர் தொட்டி கட்டினால் தண்ணீர் ஐந்து நாள் உள்ளே கிடந்து அழுகி, அழுகிய முட்டை நாற்றத்துடன் படுகைக்கு வரும். இங்கேயும் உள்ளே எல்போ, வெளியே டீ. அடியில் காரை போட்டு, உறை மூட்டுகளைச் சிமெண்டால் பூசி, கொசு புகாத மூடி போடுங்கள்.

அளவு வந்த விதம்

படுகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஜெர்மனியின் ராய்ன்ஹோல்ட் கிக்குத் பெயரால் வழங்கும் சமன்பாடு ஒன்று இருக்கிறது. தினசரித் தண்ணீர் (கன மீட்டரில்) × உள்ளே வரும் பிஓடியை வெளியே வேண்டிய பிஓடியால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) ÷ வேக எண் (படுகை அழுக்கைத் தீர்க்கும் வேகம்). வருவது படுகையின் பரப்பு, சதுர மீட்டரில். பிஓடி என்பது தண்ணீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிருக்கு வேண்டிய ஆக்சிஜன், அழுக்கின் அளவுகோல். படிவுத் தொட்டி தாண்டிய வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைப்போம். ஆறு, ஏரியில் விட இந்தியப் பொது விதி 30, நிலத்துக்குப் பாய்ச்ச 100. நாம் 30-க்கே கணக்குப் போடுவோம்.

200 ÷ 30 = 6.67. அதன் இயல் மடக்கை 1.9. வேக எண்ணைச் சேலத்து வெயிலுக்குத் தாராளமாக 0.25-க்கு மேலேயே வைக்கலாம். ஆனால் கல் நாளாவட்டத்தில் பாதி அடைபடும் என்பதையும் சேர்த்து 0.14 வைப்பது நல்லது. 0.4 × 1.9 ÷ 0.14 = 5.4 சதுர மீட்டர், 58 சதுர அடி. 12 அடிக்கு 5 அடி என்று 60 சதுர அடியாக எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 20 அங்குலம் நிற்கும், ஜல்லியில் இடுக்கு 38 சதவீதம் என்றால் உள்ளே பிடிப்பது சுமார் 1,075 லிட்டர். 400 லிட்டர் தினமும் வந்தால் ஒரு சொட்டு இரண்டரை நாளுக்கு மேல் உள்ளே தங்கும். அது போதும்.

படுகை கட்டுவது

குழி 12 × 5 அடி, ஆழம் இரண்டரை அடி. ஜல்லி இரண்டு அடி, மேலே அரை அடி வரப்பு. அடித்தளம் நுழைவிலிருந்து வெளிவாய் நோக்கி ஒன்றரை அங்குலம் சரிய வேண்டும். மேல்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும். அடித்தளச் சரிவோடு ஜல்லியின் மேல்பரப்பையும் சரித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. வெளிவாய்ப் பக்கம் தண்ணீர் மேலே தெரியும், அன்றிரவே கொசு வந்துவிடும்.

சேலத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டினாலே பாறை. உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தரைக்கு மேலே ஹாலோபிளாக் சுவர் எழுப்பிக் கட்டலாம், குளியலறைத் தளம் அதைவிட உயரமாக இருந்தால். தோண்டுவதற்கு முன்பே மேஸ்திரியின் மட்டக் குழாயால் நான்கு உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளியலறை வெளிக்குழாய், படிவுத் தொட்டி வெளிக்குழாய், ஜல்லி மேல்மட்டம், படுகை வெளிவாய். ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். படிவுத் தொட்டி வெளிக்குழாய் ஜல்லி மட்டத்தைவிட மூன்று அங்குலமாவது மேலே. இந்த நாலு எண் ஒத்துவராவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

மண் குழி என்றால் கூர்கல்லைப் பொறுக்கி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். அளவு: நீளத்துக்கு 12 + 5 + 2 = 19 அடி, அகலத்துக்கு 5 + 5 + 2 = 12 அடி. ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வாங்குங்கள். மலிவுத் தார்ப்பாய் ஜல்லி கொட்டும்போதே கிழியும். பெருச்சாளி நடமாட்டம் உள்ள புறக்கடை என்றால் விரிப்பை நம்பாமல் செங்கல் கட்டி உள்ளே சிமெண்ட் பூசுவதே நல்லது. பக்கவாட்டில் வளை தோண்டி விரிப்பைக் கடித்துவிடும், ஓட்டை எங்கே என்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. எதில் கட்டினாலும் ஜல்லி போடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிச் சுவரில் கோடு போட்டு இரண்டு நாள் விடுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் வெயில். அதற்கு மேல் இறங்கினால் கசிவு.

வெளிவாய்க் குழாய் 4 அங்குல பிவிசி. அகலம் முழுதும் அடியில் படுக்க வேண்டும், 10 மில்லிமீட்டர் ஓட்டை மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு. விரிப்பை அல்லது சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வாஷர் வைத்த டேங்க் நிப்பிள் போடுங்கள். கசிவு வருவது பெரும்பாலும் இங்கேதான். வெளியே இரண்டடிச் சதுரத் தொட்டிக்குள் இந்தக் குழாய்க்கு எல்போ போட்டு ஒரு நிற்கும் குழாய் வையுங்கள். எல்போவைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், ரப்பர் வளையம் உள்ளதை வாங்குங்கள். நிற்கும் குழாயைச் சாய்த்தால் படுகைத் தண்ணீர் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். இந்தப் படுகைக்கு இருக்கும் ஒரே கைப்பிடி இதுதான். வழக்கமான உயரம் படுகையின் அடியிலிருந்து 20 அங்குலம், அதாவது ஜல்லி மேல்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே.

நுழைவுக் குழாய் 3 அங்குலம், ஜல்லி மட்டத்துக்கு ஒட்டி, அகலம் முழுதும். அரை அங்குல ஓட்டைகள் அரை அடிக்கு ஒன்று. இரண்டு முனையிலும் திருகும் மூடி இருக்கட்டும். கம்பி விட்டுக் குத்த வேண்டிவரும். ஓட்டை எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணீர் முழுதும் அந்த மூலையில் இறங்கி, படுகையில் பாதி சும்மா கிடக்கும்.

ஜல்லி மொத்தம் 120 கன அடி. ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) சொல்லிவிடுங்கள். நுழைவிலும் வெளிவாயிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, ஆக 30 கன அடி. நடுவில் 9 அடிக்கு அரை அங்குல ஜல்லி, 90 கன அடி. கிரஷரிலிருந்து வரும் ஜல்லியில் கருங்கல் மாவு ஒட்டியிருக்கும். அதை அலசாமல் கொட்டினால் மாவு அடியில் இறங்கிச் சகதியாகி, வெளிவாய்க் குழாயை முதல் மாதமே அடைக்கும். சல்லடை வைத்துக் கொட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். இந்த ஒரு வேலைக்கு இரண்டு ஆள் ஒரு நாள் ஆகும், அதைக் குறைக்க வழி இல்லை. மேலே மணலோ மண்ணோ பரப்பக்கூடாது. சேலத்துக் கரட்டு வெள்ளைக்கல் அழகாக இருக்கிறதே என்று ஆசைப்படவும் வேண்டாம், கருங்கல்லே போதும்.

செடி

கல்வாழைக்கு மிஞ்சியது இல்லை. கிழங்கு எங்கேயும் கிடைக்கும், வெயில் தாங்கும், வெட்ட வெட்டத் தழையும். ஒன்றரை அடி இடைவெளியில் 24 கிழங்கு போதும். ஓரத்தில் குடைக்கோரையோ வெட்டிவேரோ கலக்கலாம். சேம்பு வரும், ஆனால் அந்தக் கிழங்கைச் சமைக்கக்கூடாது. வீட்டில் யாராவது மறந்து பிடுங்கிவிடுவார்கள் என்றால் வைக்காதீர்கள். சம்பும் நாணலும் வேலை நன்றாகச் செய்யும். நாணலின் வேர்க்கிழங்கு முனை கூரானது, விரிப்பைக் குத்தும். சிமெண்ட் படுகைக்கு மட்டும் சரி. ஆகாயத்தாமரையை எந்தக் காரணத்துக்கும் உள்ளே கொண்டுவராதீர்கள். அதற்குத் திறந்த தண்ணீர் வேண்டும், திறந்த தண்ணீர் கொசுவுக்கும் வேண்டும். வெள்ளத்தில் ஒரு செடி தப்பி ஏரிக்குப் போனால் அப்புறம் ஊரே அள்ள வேண்டியதுதான்.

நடுவதற்கு ஆடியும் புரட்டாசியும் நல்லது. சித்திரை, வைகாசியில் நட்டால் கருங்கல் ஜல்லி சுட்டு இளவேர் வெந்துபோகும். கிழங்கில் ஒட்டிய மண்ணை முழுதாகக் கழுவிவிட்டு, ஜல்லிக்குள் அரை அடி ஆழத்தில், வேர் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். முதல் இரண்டு வாரம் நிற்கும் குழாயை நிமிர்த்தித் தண்ணீரை ஜல்லி மேல்மட்டம் வரை வைத்து, புதுத்தழை வந்ததும் 4 அங்குலம் இறக்குங்கள். இந்த இரண்டு வாரமும் பாதி நல்ல தண்ணீர், பாதி குளியல் தண்ணீர். பிறகு முழுதாக விடலாம். கல்லில் படலம் ஒட்டி, வேர் இறங்கி, வெளிவாயில் மணமில்லாத தண்ணீர் வர மூன்று மாதம் ஆகும். அதுவரை கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

தண்ணீர் சரியா என்று பார்க்க

ஆய்வகத்துக்குக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. வெளிவாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் வாய்வரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, அலமாரிக்குள் ஐந்து நாள் வையுங்கள். திறக்கும்போது நாற்றமில்லாமல், அடியில் கறுப்பு படியாமல் இருந்தால் அழுக்கு தீர்ந்திருக்கிறது. கறுத்து நாறினால் தின்ன மிச்சம் இருக்கிறது, பாட்டிலுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கிறது.

தண்ணீர் குறுக்கு வழியில் ஓடுகிறதா என்று பார்க்க அரைக் கிலோ உப்பைக் கரைத்து நுழைவில் ஊற்றி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரால் வெளிவாயில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். எண் உச்சிக்குப் போவது இரண்டாம் மூன்றாம் நாள் என்றால் சரி. ஆறு மணி நேரத்தில் ஏறி இறங்கினால் எங்கோ ஓடைவழி விழுந்திருக்கிறது; பெரும்பாலும் நுழைவுக் குழாய் மட்டம் தப்பியிருக்கும்.

கிருமி பெருமளவு குறையும், முழுதாகப் போகாது. தென்னை, வாழை, முருங்கை, பூச்செடிக்கு வேரடியில் மண்ணுக்குள் விடுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கும் வேண்டாம். பீய்ச்சியடிக்கவும் வேண்டாம். தொட்டியில் தேக்கி வைப்பதானால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல், கொசுப்புழுவைத் தின்னும் நாலு கப்பி மீன் விடுங்கள். அந்த மீனைக் கொண்டுபோய் ஓடையில் விடாமல் இருந்தால் சரி.

ஏற்காட்டில் என்ன மாறும்

நுண்ணுயிரின் வேகம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகும். ஏற்காடு சேலத்தைவிடக் குளிர், வேகமும் அதற்கேற்பக் குறையும். சேலத்துக்கு 60 சதுர அடி என்றால் மலைமேல் அதே குடும்பத்துக்கு 90. கல்வாழை மார்கழி, தையில் சோம்பி நிற்கும். குடைக்கோரையைப் பாதிக்குப் பாதி கலந்தால் இடைவெளி தெரியாது. சரிவில் கட்டும்போது நீளவாட்டைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைச் சுற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல மழையில் செம்மண் முழுதும் ஜல்லிக்குள் வந்து உட்காரும். அதற்கு மருந்து ஜல்லியை அள்ளி அலசுவது ஒன்றே. கூரைத் தண்ணீரும் சேரக்கூடாது. ஒரு மணி நேரக் கனமழைக்கு 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து வருவது ஒரு வாரக் குளியல் தண்ணீரை மிஞ்சும்.

விடுதியும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிறவர்களுக்குக் கணக்கு சனிக்கிழமைக்குப் போட வேண்டும், மாதச் சராசரிக்கு அல்ல. வாரநாளில் நாலு பேர், சனி ஞாயிறு முப்பது பேர் என்றால், நடுவில் ஒரு சமன் தொட்டி கட்டி, தண்ணீரை மூன்று நாளுக்குப் பரத்தி விடலாம். அங்கே மட்டும் சின்ன ஏர் பம்பு ஒன்று வேண்டிவரும், இல்லாவிட்டால் தேங்கி நாறும்.

காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் தண்ணீரை வீட்டுப் படுகையில் விடுவது ஜவ்வரிசித் தண்ணீரை விடுவது போலத்தான். புளிப்பு அதிகம், பிஓடி லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம், அதுவும் அறுவடை மாதங்களில் மட்டும் மொத்தமாக வரும். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப உரிக்கப் பயன்படுத்தி அளவைக் குறைத்து, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, மூடிய தொட்டியில் நொதிக்க வைத்த பிறகே செடிப் படுகை. அதுவும் தனிப் படுகை.

கோளாறும் காரணமும்

நுழைவுப் பக்கம் ஜல்லிக்கு மேலே தண்ணீர் தெரிகிறது. முதல் ஆண்டிலேயே என்றால் கொழுப்பு டிரம்மை யாரும் வழிக்கவில்லை, அல்லது ஜல்லி அலசாமல் கொட்டியது. ஐந்தாறு ஆண்டு கழித்து என்றால் இயல்பு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று, கீழே சொல்கிறேன்.

அழுகிய முட்டை நாற்றம். ஜல்லிக்கு அடியில் கறுப்பாக இருப்பது சகஜம், மேலே நாறுவது சகஜமல்ல. படிவுத் தொட்டியில் கசடு அரையடிக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று ஒரு குச்சியில் வெள்ளைத் துணி சுற்றிக் குத்திப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அள்ளினால் போதும்; விசேஷ வீடு என்றால் விசேஷம் முடிந்த வாரமே.

இலை மஞ்சள். நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. உப்புத் தண்ணீரிலும் சோடா அதிகமுள்ள சலவைத்தூளிலும் வரும். ஓரம் கருகினால் உப்பு. வாரத்துக்கு ஒருநாள் நாலு குடம் நல்ல தண்ணீர் விட்டால் தேறும். சலவைத்தூளைக் குறைப்பதுதான் உண்மையான தீர்வு, தென்னையடி மண் இறுகாமல் இருக்கவும் அதுவே.

வெளிவாயில் தண்ணீரே இல்லை. சித்திரையில் நல்ல தழையுள்ள படுகை நாளுக்கு 50, 60 லிட்டர் குடிக்கும். 400 வந்தால் 340 வெளியே வர வேண்டும். 200 தான் வருகிறது என்றால் கசிவு. வீட்டைப் பூட்டிப் பத்து நாள் ஊருக்குப் போவதானால் உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் போய்விடும். பக்கத்து வீட்டாரிடம் ஐந்தாம் நாள் இரண்டு டிரம் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கல்வாழையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அடி விட்டு வெட்டுங்கள், பாதிப் படுகை இந்த மாதம், பாதி அடுத்த மாதம். வெட்டிய தழையை அங்கேயே விட்டால் மக்கி ஜல்லிக்குள் இறங்கும். வாழையடிக்கு மூடாக்காகப் போடுங்கள்.

இனி அடைப்பு. நிற்கும் குழாயை முழுதாகச் சாய்த்துப் படுகைத் தண்ணீரை வடியுங்கள். வீட்டுத் தண்ணீரைப் பத்து நாள் வேறு பக்கம் திருப்பிவிட்டுப் படுகையைக் காற்றாட விடுங்கள். கல்லிடுக்கில் ஒட்டியது பாதி காய்ந்து உதிரும். பலமுறை இதுவே போதும். போதாவிட்டால் நுழைவுப் பக்கம் இரண்டரை அடிக்கு மட்டும் ஜல்லியை அள்ளுங்கள், விரிப்பில் கடப்பாரை படாமல், கையாலும் சட்டியாலும். தார்ப்பாயில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் போட்டால் கறுப்புக் கசடு செதிலாக உரியும். சல்லடையில் சலித்து, அலசி, அதே கல்லையே திரும்பப் போடலாம். புதுக் கல் வாங்க வேண்டியதில்லை. மீதிப் படுகையைத் தொடாதீர்கள், அங்கே இருக்கும் படலம்தான் அலசிப் போட்ட கல்லுக்கு விதை. அலசிய கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாழைக்குழியில் ஊற்றி மேலே மண் தள்ளிவிடுங்கள்.